பழி போட ஒரு டிவி

"கேம்ல பட்டனை அமுக்கினா உடனே கார் திரும்பணும். எங்க பழைய டிவி யோசிச்சு யோசிச்சுத் திருப்புது," என்றார் மாப்பிள்ளை.

கடைக்காரர் கன்ட்ரோலரை நீட்டினார். "இதுல கேம் மோடு இருக்கு சார். கன்சோல், கம்ப்யூட்டர் எதை மாட்டினாலும் துளிகூடத் தாமதிக்காது."

மாப்பிள்ளை அதை வாங்கி ஓட்டிப் பார்த்தார். கார் சிட்டாய்ப் பறந்தது. அவர் முகம்தான் வாடியது.

உடன் வந்த மாமியார் அதே கடையில் சோபாக்கள் இருந்த பக்கம் நகர்ந்ததும், மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் மெதுவான டிவி இருக்கா?"

"ஏன் சார்?"

"தோக்கும்போதெல்லாம் டிவி மேல பழியைப் போட்டுட்டிருந்தேன். இதை வாங்கினா எது மேல போடுறது?"

"யார்கிட்ட தோத்தீங்க? பையன்கிட்டயா?"

"என்கிட்டதான் தம்பி," என்று பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அந்த வேகமான டிவிக்கே பில் போடுங்க. கூடவே ஒரு சோபாவும். மாப்பிள்ளை இனிமே அது மேல பழி போட்டுக்கட்டும்."