ஏழாவது அம்பு

வில்லை இழுத்து, குறி மஞ்சள் வட்டத்தைத் தொட்டதுமே கீர்த்தியின் விரல்கள் தாமாக நாணை விட்டுவிடும். அம்பு ஓரத்து வெள்ளையில் போய்க் குத்தும். மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அவள் அம்மா கல்யாணசுந்தரி, கொத்தமங்கலத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வீட்டு முன்வாசலில் நின்றால் கதவுகளுக்கு ஊடாகப் பின்கட்டுச் சுவர்வரை தெரியும். அந்தச் சுவரோரம் வைக்கோல் பொதியை வைத்திருந்தார்கள்; கீர்த்தி முன்வாசலில் நின்று அம்பு விடுவாள். அதில் ஒட்டியிருந்த வட்டத்தாளை அம்மா கிழித்துப்போட்டாள்.

"வட்டந்தான் இல்லையே, இனி என்ன பயம்? விடுடி பாப்போம்."

கீர்த்தியிடம் இருப்பது ஆறு மூங்கில் அம்புகள். ஆறையும் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் பொதியில் ஏழு நின்றன. ஏழாவது நட்டநடுவில் இருந்தது. அதிலும் அதே பச்சை இறகு.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும்டி. போட்டியிலயும் வந்துச்சுன்னா நல்லதுதான?"

"நான் விடாத அம்பு எனக்கெதுக்கு?" கீர்த்தி அதை முழங்காலில் வைத்து ஒடித்தாள்.

மறுநாளும் ஏழு இருந்தன. அதற்கடுத்த நாளும் ஏழுதான். தினமும் ஒடித்தாள். துண்டுகளை அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்தாள். சாதாரண மூங்கிலைப் போலத்தான் எரிந்தன.

ஒன்பதாம் நாள் கீர்த்தியே புதுத் தாளை ஒட்டினாள். வில்லை இழுத்தாள். குறி மஞ்சளைத் தொட்டது, விரல்கள் துடித்தன. "நான் சொன்னாத்தான் விடணும்" என்று அவற்றை அதட்டினாள். மூன்று எண்ணிவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் விட்டாள்.

ஆறு அம்பும் மஞ்சளில் இருந்தன. ஏழாவது, ஓரத்து வெள்ளையில் குத்தி, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கீர்த்தி அதை ஒடிக்கவில்லை. யாருமில்லாத முன்வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, கை நடுங்குதாக்கும்?" என்றாள். "நாளைக்கும் வா."