அரை வினாடி

சூரியன் இன்னும் ஏரியை விட்டு முழுதாகப் பிரியவில்லை.

அவன் மூச்சை நிறுத்தினான். பொத்தானை அழுத்தினான். ஷட்டர் அரை வினாடி திறந்து மூடியது.

திரையில் பார்த்தான். வட்டமான சூரியன். நேரான நீர்விளிம்பு. தண்ணீரில் ஊன்றிய மூங்கில் கழி.

காலண்டரில் வரும் படம்.

அழித்தான்.

அவன் தனியாக வருவது இது ஒன்பதாவது நாள். பழவேற்காட்டுப் படகுத்துறையில் அவன் மனைவி நிற்கும் அதே பலகை. அவளுடைய கேமரா. அவள் வைத்துவிட்டுப் போன அளவுகளை அவன் மாற்றவில்லை.

அவள் படங்களில் சூரியன் வட்டமாக இருந்ததே இல்லை. சிவப்பு இழைகள். சில நாள் கிழிந்த ஆரஞ்சு. ஏரி எது, வானம் எது என்று தெரியாது. பார்த்தவர்கள் இது என்ன உத்தி என்று கேட்டார்கள். பயிற்சி என்றாள்.

மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவள் கை நடுங்கியது. அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு அது தெரியாது.

கண்காட்சிக்குப் பன்னிரண்டு படங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். பதினொன்று முடிந்திருந்தது.

பன்னிரண்டாவதற்காக வந்த காலையில் அவளால் கேமராவைத் தூக்க முடியவில்லை. இரண்டு முறை இறக்கினாள். அவன் பின்னால் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

உதவி என்றுதான் நினைத்தான்.

படம் தெளிவாக விழுந்தது. அவள் வெகுநேரம் திரையைப் பார்த்தாள்.

"இது உங்க படம். கணக்குல சேக்காதீங்க."

அதன்பின் அவள் ஏரிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சுவரில் மாட்ட வேண்டும். ஒரு சட்டம் மட்டும் வெறும் கண்ணாடியோடு வீட்டில் சாய்ந்திருக்கிறது.

மறுபடி தூக்கினான். வேண்டுமென்றே ஆட்டினான். கோடுகள் வந்தன. ஆட்டியது தெரிந்தது.

அழித்தான்.

பக்கத்துப் படகில் வலையை உதறிக்கொண்டிருந்த ஏகாம்பரம் நிமிர்ந்தார். இருவரையும் மாதக்கணக்கில் பார்த்தவர்.

"இன்னாத்துக்கு சார் ஆட்டிக்கினு கீற? மேடத்துக்குத்தான் கையே நிக்காது. உனுக்குத் தூணு மாரி நிக்குது. சும்மா எடு சார், ஷோக்கா வரும்."

அவன் கையைப் பார்த்தான்.

மருத்துவமனைத் தாளில் கையெழுத்திட்டபோது அது நடுங்கவில்லை. கொள்ளி வைத்தபோதும் நடுங்கவில்லை.

வெளிச்சம் வெளுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு படம் எடுக்கலாம்.

அழுத்தினான்.

தெளிவாக இருந்தது.

கேமராவை இறக்கப் போனபோதுதான் கவனித்தான். அவன் இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை.

விரல்களைப் பிரித்தான். அழுந்திய இடம் வெளுத்திருந்தது.

அவளுக்கு வலித்திருக்கும்.