துறைமுகத்தில் விட்டுவந்த பெண்

“சிவன் இல்லே ஃப்ளோரன்ஸ், ஷிவோன். ஐரிஷ் பொண்ணு பேரு.”

“யாரு மதர் அது?”

“எங்க ஊர்ப் பொண்ணு. கப்பல் ஏறுறப்போ துறைமுகத்துலேயே வுட்டுட்டு வந்துட்டேன்.”

சுதந்திரம் வந்த வருஷம் நடந்த பேச்சு அது. மகளோ தங்கையோ என்று நினைத்து, ராயபுரம் கான்வென்ட் ஆயா ஃப்ளோரன்ஸ் மேலே எதுவும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, இப்போது அந்த மதர் பெர்னதெத் சாகக் கிடந்தார். பாதிரியார் வந்து கடைசி எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலும் ஆகிவிட்டது. கஞ்சி இறங்கவில்லை, வாயில் அந்தப் பெயர் மட்டும்தான் ஓயாமல் வந்தது.

“அந்தப் பொண்ணைப் பாக்காம இவுங்க உசுரு போவாது” என்று அழுதுகொண்டே ஃப்ளோரன்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஓடினாள். ஆங்கிலோ இந்தியப் பெண் டோரதியின் கையைப் பிடித்தாள்.

“நீதான் வெள்ளையா கீறே. ஷிவோன்னு சொல்லிக்கினு வந்து நில்லும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

கெஞ்சி இழுத்துவந்து கட்டிலருகே நிறுத்தினாள்.

“மதர்! கண்ணைத் தொறங்கோ. ஷிவோன் வந்துட்டாங்கோ!”

மதர் கண் திறந்து டோரதியைப் பார்த்தார். வறண்ட உதடுகளில் சிரிப்பு வந்தது.

“பைத்தியம்! அது என் பேருடி. எங்கம்மா வெச்சது. கன்னியாஸ்திரீ ஆனப்போ மாத்திட்டாங்க.”

மதரின் விரல்கள் ஃப்ளோரன்ஸின் முந்தானையைப் பற்றின.

“அந்தப் பேரு சொல்றவங்க யாரும் இப்போ உசுரோட இல்லே. எத்தனையோ தரம் உன்னைக் கேக்க நெனச்சேன், வெக்கமா இருந்துச்சு. ஒரே ஒருதரம்... மதர்னு சொல்லாம, என்னைப் பேரு சொல்லிக் கூப்புடுறியா?”