ஜன்னலைப் பெயர்த்த மருமகள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை.

எங்கள் தெருவில் ஒரு மருமகள். செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டினாள். அதுவும், மாமியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிற அறைச் சுவரை ஒட்டி. இரும்புச் சட்டம் நின்றது. கண்ணாடி ஏறியது. தண்ணீர் சொட்டக் குழாய், சூடு பார்க்க வெப்பமானி, எல்லாம் வந்து இறங்கின. வெயில் நேரத்தில் சூடு வெளியேறக் கூரையில் ஒரு திறப்பு வேண்டுமாம். அதற்கு என்ன செய்தாள் தெரியுமா?

மாமியார் அறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக் கொண்டுபோய் மாட்டிவிட்டாள்!

"இந்தக் குளிர்ல, நடக்க முடியாத மனுஷி தலைமாட்டுல அம்மாம் பெரிய ஓட்டையா?" தெருவே வாயைப் பிளந்தது.

எதிர்வீட்டுக்காரி வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். எப்போது கேட்டாலும் "லீவு கிடைக்கலை" என்கிற மகள், மறுநாளே டாக்சியில் வந்து இறங்கினாள்.

"வண்டி நிக்கட்டும், உடனே திரும்பணும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே பாய்ந்தாள். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரியும் சேர்த்து நாங்கள் நாலு பேர்.

"ஏன் அண்ணி, வெள்ளரிக்கொடிக்குக் குளிரக் கூடாது, எங்கம்மா மட்டும் விறைச்சுப் போகணுமா?"

கண்ணாடி வீட்டுக்குள் இருந்த மருமகள் தொட்டி மண்ணிலிருந்து நிமிரவே இல்லை.

"உள்ள வந்து திட்டு. கதவைச் சாத்திட்டுத் திட்டு. சூடு போயிடும்."

"கேட்டீங்களா? செடிக்குச் சூடு போயிடுமாம்!"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே அடுப்படி மாதிரிக் கதகதப்பு. ஜன்னல் இருந்த இடம் வழியாக அந்தச் சூடு அம்மாவின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அந்த ஜன்னல் ஓட்டை வழியே ஒரு மெலிந்த கை நீண்டது. கையில் சின்ன பெயின்ட் பிரஷ். பூவுக்குப் பூ தொட்டுத் தொட்டு எடுத்தது.

"அம்மா... என்னம்மா பண்றே?"

"கண்ணாடிக்குள்ள தேனீ எப்படி வரும்? இங்க நான்தான் தேனீ" என்று சிரித்தாள் அம்மா. "வேலையில இருக்கேன், அப்புறம் பேசு."

மகள் திகைத்துப்போய் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணி அம்மாவைக் கொல்றாங்கன்னு போன்ல அழுதீங்களே!"

எதிர்வீட்டுக்காரி முந்தானையைத் திருகினாள்.

"அழச் சொன்னதே உங்க அண்ணிதாம்மா. 'அத்தை தினமும் மகளைக் கேக்கறாங்க, கூப்பிட்டா வரமாட்டா. என்னை நல்லாத் திட்டிச் சொல்லுங்கக்கா, சண்டைக்குன்னா ஓடி வருவா'ன்னா."

எங்களுக்கே தூக்கிவாரிப்போட்டது. மகளுக்குக் கேட்கவா வேண்டும்?

"அண்ணி!" என்று திரும்பினாள்.

அண்ணி அங்கே இல்லை. வாசலில் மகளின் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, டாக்சியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.