ரப்பர் கை

"நிறுத்துடி அந்தக் கருமத்தை!"

பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் முன்னாலேயே வந்துவிட்ட உஷா டீச்சர், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

டி.வி.யில் ஏதோ ஜப்பான் கார்ட்டூன். இருட்டு ஊர், ஓயாத மழை. ஒருத்தி தன் கையின் தோலைத் தானே உரித்துப் போடுகிறாள். உள்ளே எலும்பு இல்லை, இரும்பு. ஒயர் ஒயராகத் தொங்குகிறது. கார்ட்டூன் என்றால் பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் என்று நம்பிக்கொண்டிருந்த உஷா, பட்டென்று டி.வி.யை அணைத்தாள்.

சோபாவின் ஒரு மூலையில் மகள் தாரணி. இன்னொரு மூலையில் கணவர் பாலசுப்ரமணியன், பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

போன வருஷம் ஃபேக்டரி பிரஸ் மெஷினில் வலது கையை முழங்கைக்குக் கீழே பறிகொடுத்த மனுஷன். அன்றிலிருந்து 'கை' என்ற சொல்லையே உஷா வீட்டில் பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறாள். "கை கழுவிட்டு வாங்க" என்பதுகூட "சாப்பிட வாங்க" ஆகிவிட்டது. அப்பேர்ப்பட்ட வீட்டில், அவர் கண்ணெதிரிலேயே இதைப் போட்டுப் பார்க்கிறாளே, பெற்ற பெண்!

தாரணியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"காலேஜ் படிக்கிறியே, கொஞ்சமாவது இங்கிதம் வேணாம்? அப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு."

"எனக்குப் பிடிச்சிருக்கு, பாக்கறேன்மா."

"அவர் மனசு என்ன பாடுபடும்?"

தாரணி என்னவோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். "சாரிமா."

"சாரியாம் சாரி! எங்கிருந்து எடுத்துட்டு வந்த இந்தக் கண்றாவிய?"

"மௌரீன் ஆன்ட்டி கடையில."

நாளைக்கு அல்சூரில் உஷாவின் அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம். விபத்துக்குப் பிறகு பாலசுப்ரமணியன் வரப்போகிற முதல் விசேஷம். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு செயற்கைக் கை கொடுத்திருந்தார்கள். ஒன்று ஸ்டீல் கொக்கி. தோளை அசைத்தால் திறந்து மூடும், வேலை செய்யும். இன்னொன்று தோல் நிறத்தில் ரப்பர் கை. பார்க்க அழகு, ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது. கொக்கியை அன்றைக்கே உஷா பீரோவுக்குள் தள்ளிவிட்டாள்; வீட்டில் அவர் மாட்டிக்கொண்டிருப்பது ரப்பர் கைதான்.

நாளைக்கு ரப்பர் கை, முழுக்கைச் சட்டை, கடைசி வரிசை நாற்காலி. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. ஒருத்தரும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டக் கூடாது. அவர் தலை குனியக் கூடாது, அவ்வளவுதான். அதற்குள் இந்தப் பெண் அவர் மனசைக் கலைத்து, "நான் வரலை" என்று சொல்ல வைத்துவிட்டால்?

சி.டி.யைப் பிடுங்கிக்கொண்டு, தெருமுனையில் இருந்த வாடகை சி.டி. கடைக்குக் கிளம்பினாள்.

"என்ன மௌரீன், பொம்பளைப் பிள்ளைக்குக் குடுக்கிற படமா இது? இனிமே தாரணி வந்து கேட்டா குடுக்காதீங்க!"

மௌரீன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"தாரணியா? அதுக்கு ரத்தம்னாலே ஆகாதே மேடம். கவரைப் பாத்ததுமே கண்ணை மூடிக்கிச்சு. இதை எடுத்துட்டுப் போறது அங்கிள்."

"எந்த அங்கிள்?"

"உங்க ஹஸ்பண்ட்தான். நீங்க ஸ்கூலுக்குப் போனதும் வருவாரு. அந்த ஸ்டீல் கையாலயே ஷெல்ஃப்ல இருந்து டிஸ்க்கை எடுப்பாரு பாருங்க, ஒரு கீறல் விழாது! காலேஜ் பசங்க எல்லாம் 'சூப்பர் குரு'ன்னு சுத்தி நிப்பானுங்க. இவரும் எப்படித் திறக்குது, எப்படி மூடுதுன்னு செஞ்சு காட்டுவாரு. காலைல என் கடை ஷட்டர் சிக்கிக்கிச்சு மேடம். அவர்தான் கொக்கியைப் போட்டு ஒரே தூக்கு! என்னா கெத்து மனுஷனுக்கு!"

உஷா கையிலிருந்த சி.டி. கவரைப் பார்த்தாள்.

"இது... என்ன கதை?"

"அந்த ஊர்ல மெஷின் கை, மெஷின் கால் வெச்சிருக்கவங்க அது மேல தோல் போத்தி மறைச்சுக்கணும்னு சட்டம். இவ ஒருத்தி மட்டும் அதைக் கிழிச்சுப் போட்டுட்டு நடுரோட்டுல நிமிந்து நடக்கறா."

 உஷாவுக்கு எங்கிருந்தோ ஒரு பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. ஷட்டரைத் தூக்கினாராம்! பசங்க சுத்தி நின்னானுங்களாம்! தன் வீட்டுக்காரரின் கெத்தைத் தெருவே பார்த்திருக்கிறது, அவள் ஒருத்தியைத் தவிர.

சி.டி.யைத் திருப்பிக் கொடுக்காமலே வீட்டுக்கு வந்தாள். பீரோவைத் திறந்து ஸ்டீல் கையை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு இதை மாட்டிக்கிட்டு, அரைக்கைச் சட்டையில வாங்க. முதல் வரிசையில போய் உக்காரலாம்."

பாலசுப்ரமணியன் திடுக்கிட்டு மகளைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா!" என்றாள் தாரணி.

"அவ எங்க சொன்னா? உங்களுக்காகத் திட்டு வேற வாங்கிக்கிட்டு நிக்கறா" என்ற உஷாவுக்குக் குரல் உடைந்தது. "ரப்பர் கை வேணாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க? ஊர் என்ன சொல்லுமோன்னு இவ்வளவு கூச்சமா உங்களுக்கு?"

பாலசுப்ரமணியன் சிரித்துக்கொண்டே ரப்பர் கையைக் கழற்றிவிட்டு, கொக்கியின் வாரைத் தோளில் மாட்டினார்.

"ஊர் முன்னாடி எனக்கு என்ன கூச்சம் உஷா? முதல் நாள் இதைப் பாத்ததும் நீதான் முகத்தைத் திருப்பிக்கிட்ட. அந்த ரப்பர் கையை நான் உனக்காகத்தான் மாட்டிக்கிட்டு இருந்தேன்."