மிச்சம் பிடித்த அரிசி

விடிந்தால் கிறிஸ்மஸ். செலண்டார் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் சவேரியம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருக்கிறாள். தன் வயிற்றைக் கட்டி, ரேஷனில் பிடிபிடியாக மிச்சம் பிடித்த அரிசியின் மாவு அது. அந்தி வெளிச்சத்தை மறைத்தபடி தோட்டக் காவல் போலீஸ்காரன் வாசலில் நிற்கிறான். “அரிசி சேத்து வச்சிருக்கியாமே? காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுங்களுக்கா?” “ஐயோ, பிள்ளைங்களுக்குங்க ஐயா.” அவன் துப்பாக்கி முனையால் மாவுச் சட்டியைக் கிளறுகிறான். எண்ணெயில் முறுக்கு கருகுகிறது; எடுக்க அவளுக்குக் கை எழவில்லை. பக்கத்து வீட்டு மீனம்மா ஓடி வருகிறாள். “பாதி அரிசி என்னுதுங்க ஐயா. ரெண்டு வீடும் சேந்துதான் சுடுறோம்.” சொன்னது பொய். போலீஸ்காரன் இருவரையும் முறைத்துவிட்டுப் போகிறான். சவேரியம்மா கருகாத முறுக்கொன்றைப் பொறுக்கி மீனம்மாவின் கையில் வைக்கிறாள். போலீஸ்காரன் வரும்வரை, அரிசி சேர்த்தது வெளியாரில் மீனம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். “சாப்பிடுங்கக்கா,” என்கிறாள், அவள் கண்ணையே பார்த்தபடி.