ஆடும் கைப்பிடி

அந்தத் தெருவில் தச்சருக்கு 'வருகைக்காரர்' என்றுதான் பெயர். ஒரு காலத்தில், ஆண்டவர் இந்த வருஷமே வந்துவிடுவார் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன மனுஷன். இப்போது கூப்பிடாமலே வீடு வீடாக வந்து, ஆடுகிற மாடிப்படிக் கைப்பிடிகளைச் சரிசெய்து கொடுக்கிறார். கூலி கேட்பதில்லை.

தன் வீட்டுப் படியில் அவர் ஸ்க்ரூ முடுக்குவதைப் பார்த்து, புதிதாகக் குடிவந்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னண்ணே, ஆண்டவர் வரப்போறார், இந்த வீடு வாசல் எல்லாம் எதுக்குன்னு சொன்னீங்களாமே? இப்ப நூறு வருஷம் தாங்குற மாதிரி ஸ்க்ரூ போடுறீங்க. நம்பிக்கை போயிடுச்சா?"

"இல்லம்மா. வருவார். பாப்பாவை இதைப் பிடிச்சு ஏறச் சொல்லு."

அவளுடைய சின்ன மகள் கைப்பிடியைப் பிடித்து மேலே போய்த் திரும்பி வரும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் செய்றீங்க. உங்க வீட்டுக் கைப்பிடி கழண்டு தொங்குதே?"

"என் மகளும் அதைத்தான் தினம் சொன்னா. ஆண்டவரே வரப்போறார், இனி அது எதுக்கும்மான்னு விட்டுட்டேன். ஏழு வயசு. மேல்படியிலேர்ந்து விழுந்தவ எந்திரிக்கல."

அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதைத் தொட மட்டும் கை வரமாட்டேங்குது." தச்சர் திருப்புளியைப் பையில் போட்டார். "அவர் வரும்போது அவளையும் கூட்டிட்டுதான் வருவார். 'மாட்டிட்டியாப்பா'ன்னுதான் முதல்ல கேப்பா. எத்தனை வீட்டைச் சொன்னாலும் பதில் பத்தாதும்மா."

படியிறங்கியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"பக்கத்து வீட்டுலயும் ஆடுதுன்னாங்களே. அங்க குழந்தைங்க இருக்கா?"